சிலந்தி, மரவட்டை, நத்தை வளர்ப்புப் பெட்டிகளுக்கு இயற்கையான அடிப்படுகையைத் தேர்ந்தெடுக்கும் முறை

டரன்டுலா சிலந்தி, தேள், மரவட்டை, நத்தை, குச்சிப்பூச்சி, ஐசோபாட் (நண்டின் உறவான சிறிய மண்வாழ் உயிர்) போன்ற முதுகெலும்பற்ற உயிர்களை வளர்க்கத் தொடங்குவோர் பலர், பெட்டியின் அளவையும் பிராணியின் நிறத்தையும் வாரக்கணக்கில் ஆராய்ந்துவிட்டு, பெட்டியின் அடியில் எதைப் பரப்புவது என்ற கேள்வியை மட்டும் கடைசி நாளில் கைக்குக் கிடைத்த மண்ணைக் கொண்டு முடித்துவிடுகிறார்கள். நாய்க்கும் பூனைக்கும் விரிக்கும் துணியைப் போல இதையும் ஒரு விரிப்பு என்று கருதுவதால் நேரும் பிழை இது. வளர்ப்போர் வழக்கில் 'சப்ஸ்ட்ரேட்' எனப்படும் இந்த அடிப்படுகை மரவட்டைக்கு அன்றாட உணவு, டரன்டுலாவுக்கு வளை, நத்தைக்கு முட்டையிடும் இடம், ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஈரத்தைத் தேக்கிவைத்து மெல்ல மெல்ல வெளியிடும் சேமிப்பிடம். இவ்வுயிர்களின் உடல் சிறியது என்பதால், எடையோடு ஒப்பிட்டால் அவற்றின் தோல் பரப்பு மிக அதிகம். பூச்சிகளின் மூச்சுத்துளைகளும் சிலந்தி, தேள் ஆகியவற்றின் புத்தக நுரையீரல்களும் (தாள்களைப் போல் அடுக்கடுக்காக அமைந்த மூச்சுறுப்புகள்) உடலின் பக்கங்களிலோ அடிப்புறத்திலோ மண்ணை ஒட்டியே அமைந்திருக்கின்றன. ஆகவே படுகையில் நச்சு இருந்தால் அது வாய்வழியாக மட்டும் வருவதில்லை.

'இயற்கை' என்ற சொல்லைப் பற்றி

புதிதாகத் தொடங்குவோர் செயற்கைப் பொருள்களைத் தவிர்க்க வேண்டும் என்பதை எளிதில் புரிந்துகொள்கிறார்கள். சாயமிட்ட மணல், நறுமணமூட்டிய மரத்தூள் ஆகியவற்றைப் பார்த்ததும் அவர்களுக்கே ஐயம் வந்துவிடுகிறது. சிக்கல் எழுவது, இயற்கையாகக் கிடைப்பது என்றாலே தீங்கற்றது என்று எண்ணும்போதுதான். செடிகளும் மரங்களும் ஓடிப்போக முடியாதவை. தம்மைத் தின்ன வரும் பூச்சிகளை விரட்டவும் கொல்லவும் அவை தமக்குள்ளேயே வேதிப்பொருள்களைச் செய்து வைத்திருக்கின்றன. நாம் பெட்டியில் வளர்ப்பது அந்தப் பூச்சிகளின் உறவினர்களைத்தான்.

வேம்பு இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. மனிதருக்கு மருந்தாகும் அதே மரத்தின் அசாடிராக்டின் என்னும் பொருள், பூச்சிகளின் தோலுரிப்பை நடத்தும் ஹார்மோன்களைக் குலைத்து, அவற்றைப் பழைய சட்டைக்குள்ளேயே சிக்கிச் சாகவைக்கக்கூடியது. எனவே வேப்பிலைச் சருகு, வேப்பம்பிண்ணாக்கு, வேப்பெண்ணெய் தெளித்த மண் ஆகிய எதுவும் பெட்டிக்குள் வரக்கூடாது. பைரத்ரம் என்னும் சாமந்தி இனத்தின் பூவிலிருந்து எடுக்கப்படும் பைரத்ரின், புகையிலையின் நிகோட்டின், கற்பூர மரத்தின் வாசனை எண்ணெய் ஆகியவையும் இவ்வகையைச் சேர்ந்தவையே. செடார் மரப்பெட்டியில் துணிகளை வைத்தால் பூச்சி அரிக்காது என்பார்கள். அந்தப் பெருமையே செடார் மரத்தூளை நம் பட்டியலிலிருந்து நீக்குவதற்குப் போதுமான காரணம். பைன் முதலிய பிற ஊசியிலை மரங்களின் பிசினிலும் எளிதில் ஆவியாகும் டெர்பீன்கள் இருப்பதால், அவற்றின் புதிய மரத்தூளும் சீவலும் காற்றோட்டம் குறைந்த மூடிய பெட்டிக்கு ஏற்றவை அல்ல. யூகலிப்டஸ் இலையைச் சில குச்சிப்பூச்சி இனங்கள் உணவாகவே உண்கின்றன என்பது உண்மைதான். ஆனால் அந்த இனங்களுக்கு உணவாவது வேறு எல்லா உயிர்களுக்கும் படுக்கையாகிவிடாது.

மரமும் செடியும் மட்டுமல்ல, மண்ணிலும் இதே நிலைதான். டயட்டம் என்னும் நுண்பாசிகளின் ஓடுகள் படிந்து உருவான டயட்டம் மண், தூய இயற்கைப் பொருள் என்ற பெயரோடு விற்பனையாகிறது. அது பூச்சியின் மேல்தோலில் உள்ள மெழுகுப் படலத்தை உறிஞ்சி எடுத்து, உடலின் ஈரம் முழுவதும் வெளியேறச் செய்து கொல்லும். எந்த வேதிநச்சும் இல்லாமலே கொல்லும் பொருள் அது.

முதலில் பிராணியைக் கவனியுங்கள்

கடைக்குப் போவதற்கு முன்பே ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்: உங்கள் பிராணி படுகையைத் தின்னுமா, தோண்டுமா, அல்லது அதன் மேல் நடந்து மட்டும் போகுமா? மரவட்டைகள், காண்டாமிருக வண்டு போன்றவற்றின் புழுக்கள், ஐசோபாட்கள் ஆகியவை படுகையைத் தின்பவை. இவற்றுக்குப் பொருளின் தூய்மை மட்டுமன்றி ஊட்டமும் முக்கியம். வளை தோண்டும் டரன்டுலாக்கள், பல தேள் இனங்கள், நிலத்தில் வாழும் துறவி நண்டுகள் ஆகியவற்றுக்குச் சரியாத மண் வேண்டும். ஊட்டம் எதுவும் தேவையில்லை. குச்சிப்பூச்சி, கும்பிடுபூச்சி, மரத்தில் வாழும் சிலந்தி ஆகியவை பெரும்பாலும் தரையைத் தொடுவதே குறைவு. குச்சிப்பூச்சிகளில் பல இனங்கள் முட்டைகளைக் கீழே உதிர்த்துவிடுவதால், அவற்றின் பெட்டியில் அச்சிடாத வெறும் தாளை விரித்தால்கூடப் போதும். முட்டைகளைப் பொறுக்குவதும் எளிதாகும். இந்த மூன்றாம் வகையினருக்காக ஆழமான, பல அடுக்குகள் கொண்ட படுகையை அமைக்க மெனக்கெட வேண்டியதில்லை. பார்ப்பதற்கு அழகாக இருக்கும் என்பது மட்டுமே அதில் கிடைக்கும் பயன்.

பொருளின் பெயரைவிட அதன் வரலாறு முக்கியம்

ஒரே பெயருடைய இரண்டு பொருள்களில் ஒன்று நல்லதாகவும் மற்றொன்று கொல்வதாகவும் இருக்கலாம். சாலையோர மரத்தின் சருகும் மருந்து தெளிக்காத தோப்பின் சருகும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். எனவே எந்தப் பொருளை எடுத்தாலும், அது எங்கிருந்து வந்தது, அதன்மேல் என்ன தெளிக்கப்பட்டது, அதனோடு என்ன கலக்கப்பட்டது என்பதைக் கேட்டறிய வேண்டும்.

தொட்டிச்செடிகளுக்கென்று விற்கும் மண்கலவைதான் இந்த வகையில் புதியவர்களை அதிகம் ஏமாற்றுகிறது. அதில் மெல்லக் கரையும் உர உருண்டைகள், நீரை விரைவில் உறிஞ்சவைக்கும் சேர்மங்கள், சில நேரங்களில் இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிக்கொல்லி ஆகியவை சேர்ந்திருக்கலாம். 'ஆர்கானிக்' என்று அட்டையில் அச்சிட்டிருந்தாலும் அதில் சாணம், எலும்புத்தூள், மீன்கழிவு ஆகியவை இருக்கக்கூடும். செடிக்கு உரமாகும் இவை மூடிய பெட்டிக்குள் அம்மோனியாவாகவும் பூஞ்சணமாகவும் மாறும். நான் முதன்முதலில் மரவட்டை வளர்த்தபோது இத்தகைய ஒரு கலவையைத்தான் வாங்கிக் கொட்டினேன். விட்ட நாளிலிருந்து அவை மண்ணுக்குள் இறங்கவே மறுத்துப் பெட்டியின் சுவரை ஒட்டி ஏறிக்கொண்டிருந்தன. அதைச் சுறுசுறுப்பு என்று நான் மகிழ்ந்தேன். தோண்டும் இயல்புடைய உயிர் தோண்ட மறுத்தால் அது படுகையைப் பற்றிய முறையீடு என்பதை அப்போது நான் அறியவில்லை.

வீட்டில் வைத்திருக்கும் இடமும் இந்த வரலாற்றில் சேரும். நல்ல பொருளை வாங்கிவந்து, கொசுவிரட்டி எரியும் அறையிலோ எறும்புமருந்து தூவிய மூலையிலோ திறந்து வைத்தால் வாங்கும்போது காட்டிய கவனம் வீணாகிவிடும். நாய்க்கு உண்ணிமருந்து தடவிய கையோடு மண்ணைப் பிசைவதும் அப்படியே.

தோண்டுவதற்கும் ஈரத்திற்கும் உரிய பொருள்கள்

தென்னை நார்க்கழிவுத் தூளான கோகோபீட்டிலிருந்து தொடங்குவது பெரும்பாலோருக்குப் பொருந்தும். அது எடை குறைந்தது, ஈரத்தை நன்றாகத் தாங்குவது, எளிதில் மக்காதது. அழுத்திய கட்டியாக விற்கப்படும் 650 கிராம் கோகோபீட், ஏறத்தாழ 4 லிட்டர் நீரில் ஊறி 8 அல்லது 9 லிட்டர் அளவுக்குப் பெருகும். ஆனால் இதிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தேங்காய் மட்டையைக் கடலோர உவர்நீரில் ஊறவைக்கும் வழக்கத்தாலும், மட்டையிலேயே இயல்பாக உள்ள உப்புகளாலும், கழுவப்படாத கோகோபீட்டில் சோடியமும் பொட்டாசியமும் மிகுதியாக இருக்கலாம். நத்தைக்கும் ஐசோபாட்டுக்கும் இது நேரடியான கேடு. கட்டியை ஊறவைத்து, பழைய துணியில் கட்டிப் பிழிந்து, மறுபடி நீர் ஊற்றிப் பிழிவதை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். கடைசியாகப் பிழிந்த நீரில் ஒரு கரண்டியை இருண்ட நிறத் தட்டில் ஊற்றிக் காயவிட்டால், உப்பு மிஞ்சியிருப்பின் வெண்மையான படிவாகத் தெரியும். தெரிந்தால் மீண்டும் கழுவ வேண்டும். செடிகளுக்கெனத் தயாரிக்கப்படும் சில கோகோபீட்டுகளில் உரச்சத்தும் சேர்த்திருப்பார்கள் என்பதால், எதுவும் சேர்க்காதது என்று தெளிவாகக் குறிப்பிட்டதையே வாங்குங்கள்.

கோகோபீட்டைப் பஞ்சுபோல் உதிரியாகக் கொட்டிவிட்டு அப்படியே விட்டுவிடுவது மற்றொரு பொதுவான பிழை. உதிரிப் பரப்பில் டரன்டுலா கால்வைக்கத் தயங்கும். தோண்டும் வளையும் இடிந்து விழும். சில சென்டிமீட்டர் பரப்பியதும் உள்ளங்கையால் அழுத்தமாக இறுக்கி, அதன்மேல் அடுத்த அடுக்கைப் பரப்பி மறுபடியும் இறுக்க வேண்டும். உரமோ மருந்தோ சேராத மேல்மண்ணைக் கோகோபீட்டில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கலந்தால் வளை இன்னும் உறுதியாக நிற்கும். கோகோபீட்டில் ஊட்டம் இல்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். மரவட்டைக்கு இதை மட்டும் கொடுப்பது, வயிறு நிறைய வைக்கோலைத் தின்னக் கொடுத்துவிட்டு உணவளித்ததாகச் சொல்வதைப் போன்றது.

பீட் என்பது சதுப்புநிலப் பாசிகள் அரைகுறையாக மக்கிப் படிந்த பொருள். ஈரத்தைத் தாங்கும், வளையை நன்றாக நிறுத்தும். ஆனால் அதன் அமிலத்தன்மை பெரும்பாலும் பிஎச் 3.5 முதல் 4.5 வரை, அதாவது மிக அதிகமாக இருக்கும். சிலந்திக்கு இதனால் பெரிய தொல்லை இல்லை என்றாலும், சுண்ணாம்பாலான ஓட்டைச் சுமந்து திரியும் நத்தைக்கும் சுண்ணாம்புச் சத்தைத் தோலில் சேர்க்கும் மரவட்டைக்கும் அது ஏற்றதன்று. ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால் நீரை உறிஞ்ச மறுக்கும் குணமும் அதற்கு உண்டு. சதுப்புநிலத்தில் பீட் அடுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டரே வளர்கிறது என்பதை அறிந்தபின், கோகோபீட்டே போதும் என்று நான் முடிவுசெய்துவிட்டேன்.

உலர்நிலத் தேள்களுக்கும் பாலைவன டரன்டுலாக்களுக்கும் மணல் மட்டும் போதும் என்பது படங்களைப் பார்த்து உருவான எண்ணம். உண்மையில் பாலைவனத்தின் பெரும்பகுதி இறுகிய மண்ணே. வெறும் மணலில் எந்த வளையும் நிற்காது. கழுவிய ஆற்றுமணல் மூன்று பங்கும் களிமண்தூள் ஒரு பங்கும் கலந்து, சற்றே நனைத்துப் பெட்டியில் இறுக்கி, குச்சியால் ஒரு வளையின் தொடக்கத்தைக் குத்திவைத்து உலரவிட்டால், அது சுட்ட ஓடு போலக் கெட்டியாகாமலும் சரியாமலும் நிற்கும். விகிதம் களிமண்ணின் தன்மைக்கேற்ப மாறும் என்பதால், முதலில் ஒரு கிண்ணத்தில் செய்து பார்ப்பது நல்லது. கடல்மணல் உப்புடையது. ஊர்வனவற்றுக்கென விற்கும் சுண்ணாம்பு மணல் நனைந்தால் கட்டிதட்டும். கூரான சரளைக் கற்கள் உயரத்திலிருந்து விழும் சிலந்தியின் வயிற்றைக் கிழித்துவிடும். இம்மூன்றும் வேண்டாம்.

ஸ்பேக்னம் பாசி, படுகை முழுவதற்கும் உரியதன்று. பெட்டியின் ஒரு மூலையில் ஈரத்தைத் தேக்கிவைக்க ஒரு பிடி போதும். இந்தப் பாசியில் ஸ்போரோத்ரிக்ஸ் என்னும் பூஞ்சை இருக்கக்கூடும் என்பதாலும், அது தோலில் உள்ள சிறு காயத்தின் வழியே மனிதரைத் தொற்றும் என்பதாலும், கையுறை அணிந்தே அதைக் கையாளுங்கள். சூடாக்கிப் பொரியவைத்த கனிமமான வெர்மிகுலைட் ஈரத்திற்கு நல்லது. ஆனால் தூசியை மூச்சில் இழுக்காதபடி நனைத்த பின்பே கையாள வேண்டும். அமெரிக்காவின் மொன்டானாவிலுள்ள லிபி சுரங்கத்தின் வெர்மிகுலைட்டில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருந்ததும் அச்சுரங்கம் 1990இல் மூடப்பட்டதும் பலர் அறிந்த செய்தி. எவரேனும் வீட்டின் மூலையிலிருந்து மிகப் பழைய மூட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தால் அன்போடு மறுத்துவிடுங்கள்.

தின்பவர்களுக்கான படுகை: சருகும் உளுத்த மரமும்

மரவட்டைக்கும் வண்டின் புழுவுக்கும் படுகை தயாரிப்பது சமையலுக்கு நிகரான வேலை என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இவை பச்சை மரத்தையோ பச்சை இலையையோ தின்பதில்லை. பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் பாதி தின்று மென்மையாக்கிய மிச்சத்தையே இவை உண்கின்றன. எனவே நமக்கு வேண்டியது அகன்ற இலை மரங்களின் உதிர்ந்த, பழுப்பு நிறமடைந்த சருகும், அதேவகை மரங்களின் உளுத்த கட்டையும்தான். ஓக், பீச், மக்னோலியா ஆகியவற்றின் சருகுகள் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருபவை. வெப்பநாடுகளில் வளர்ப்போர் கொய்யா, பலா, நாட்டுவாதுமை ஆகியவற்றின் சருகுகளைப் பயன்படுத்துகிறார்கள். அரளி போன்று பாலில் கடும் நச்சுள்ளவற்றையும், கசக்கினால் மூக்கைத் துளைக்கும் வாசனை உடையவற்றையும், பெயர் தெரியாத மரத்தின் இலைகளையும் தவிர்த்துவிட வேண்டும். மரத்தை அடையாளம் காண முடியாதவரை அதன் சருகு நமக்கு உரியதன்று என்பதே பாதுகாப்பான விதி.

உளுத்த மரத்தில் இரண்டு வகை உண்டு. பூஞ்சை, மரத்தை இறுக்கிப் பிடிக்கும் லிக்னின் என்னும் பொருளைச் சிதைத்துவிட்டால் கட்டை வெளுத்து, நார்நாராக, விரலால் அழுத்தினாலே பிய்ந்துவரும், இது வெள்ளையழுகல். மரத்தின் நார்ப்பொருளான செல்லுலோஸ் சிதைந்து லிக்னின் மிஞ்சினால் கட்டை செம்பழுப்பாகி, சதுரச் சதுரமாக வெடித்து, தூளாக உதிரும், இது பழுப்பழுகல். வண்டுப் புழுக்களுக்கும் மரவட்டைகளுக்கும் பெரும்பாலும் வெள்ளையழுகல் கட்டையே ஏற்றது. பழைய வேலிக்கால், கட்டட மரம், சரக்குப் பலகை ஆகியவற்றை உளுத்திருக்கிறது என்பதற்காக எடுத்துவிடாதீர்கள். மரம் கெடாமலிருக்கச் செம்பு, குரோமியம், ஆர்செனிக் சேர்ந்த கரைசலை அவற்றில் ஏற்றியிருக்கக்கூடும். பாதுகாக்கப்பட்ட காடுகளில் சருகையும் கட்டையையும் எடுப்பது பல நாடுகளில் சட்டத்திற்கு எதிரானது என்பதால், அனுமதி உள்ள இடத்தில் மட்டும் சேகரியுங்கள்.

காண்டாமிருக வண்டின் புழுக்களுக்காக வளர்ப்போர் 'ஃபிளேக் சாயில்' என்னும் நொதித்த மரத்தூளைத் தாமே தயாரிப்பதுண்டு. அகன்ற இலை மரத்தின் தூய மரத்தூளோடு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கோதுமைத் தவிடு அல்லது மாவைக் கலந்து, நனைத்து, காற்றுப்புகும் மூடியுள்ள தொட்டியில் வைத்துச் சில நாளுக்கொரு முறை கிளறிவர வேண்டும். கலவை சூடேறும், புளித்த வாடையும் அம்மோனியா வாடையும் வீசும், நிறம் மெல்லக் கறுக்கும். இது முடியச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள்வரை ஆகும். கிளறினாலும் சூடேறாமல், மழைக்குப் பிந்திய காட்டுமண்ணின் வாசனை மட்டும் எஞ்சும்வரை ஒரு புழுவைக்கூட அதில் விடக்கூடாது. நொதித்தல் முடியாத கலவையின் சூடும் அம்மோனியாவும் புழுவைக் கொன்றுவிடும். பொறுமையற்றோர் தயாரித்ததை வாங்கிக்கொள்வதே மேல். ஆனால் வாங்கியதையும் அகலமாகப் பரப்பி இரண்டு மூன்று நாள் ஆறவிட்டு முகர்ந்து பார்த்துவிட்டே பயன்படுத்த வேண்டும்.

மரவட்டைக்கு நான் வழக்கமாகக் கலப்பது உளுத்த மரத்தூள் இரண்டு பங்கு, நொறுக்கிய சருகு இரண்டு பங்கு, கோகோபீட்டோ மருந்தற்ற மேல்மண்ணோ ஒரு பங்கு. இந்தக் கலவையின் ஐந்து லிட்டருக்கு ஒரு கைப்பிடி அளவு சுண்ணாம்புக்கல் தூள் அல்லது கணவாய் ஓட்டுத் தூள். இங்கே சொல்வது கால்சியம் கார்பனேட் பற்றி. சுவருக்கு அடிக்கும் நீற்றுச் சுண்ணாம்பு தோலை எரிப்பது, அதை எக்காரணம் கொண்டும் கலக்கக்கூடாது. மேலே முழுச் சருகுகளை இரண்டு விரல்கடை உயரத்திற்குப் பரப்பி, அவை தின்னப்பட்டுக் குறையும்போதெல்லாம் புதிதாகச் சேர்த்துவர வேண்டும்.

சுத்தம் செய்தலும் சோதித்துப் பார்த்தலும்

வெளியிலிருந்து சேகரித்த சருகிலும் கட்டையிலும் பூரான் குஞ்சு, எறும்பு, கொன்றுண்ணும் சிற்றுண்ணி ஆகியவை ஒளிந்திருக்கும். ஈரப்பதமுள்ள மண்ணையோ மரத்தூளையோ மூடிய தட்டில் வைத்து, உள்பகுதியின் வெப்பம் 80 டிகிரி செல்சியசை எட்டி அரைமணி நேரம் நிலைக்குமாறு சூடாக்கினால் போதும். மண்ணை அதற்கும் மேலே வறுத்தெடுப்பது, அதிலுள்ள மாங்கனீசு, அம்மோனியா ஆகியவற்றை நச்சாகும் அளவுக்கு வெளிப்படுத்தக்கூடும். காய்ந்த சருகை மைக்ரோவேவில் வைத்தால் தீப்பிடிக்கும். நனைத்தபின் வைத்து, அப்போதும் அருகிலேயே நில்லுங்கள். கொதிநீரில் இலைகளை வேகவைத்தால் பூச்சிகளோடு ஊட்டமும் கரைந்து போய்விடும். உறைபெட்டியில் சில நாள் வைப்பது பெரும்பாலான பூச்சிகளைக் கொல்லும். குளிரைத் தாங்கும் முட்டைகள் தப்பக்கூடும். ஆனால் சூடோ குளிரோ பூச்சிக்கொல்லி மருந்தை நீக்காது. மருந்து பட்ட சருகை எத்தனை முறை வேகவைத்தாலும் அது மருந்து பட்ட சருகே.

மருந்து இருக்கிறதா என்பதை வீட்டிலேயே ஓரளவு அறிய ஒரு வழி உண்டு. புதியவர்கள் கட்டாயம் கைக்கொள்ள வேண்டியதாக நான் கருதுவது இதைத்தான். ஸ்பிரிங்டெயில் எனப்படும் மிகச்சிறிய வெண்ணிற மண்வாழ் உயிர்களில் ஃபோல்சோமியா கேண்டிடா என்னும் இனத்தை, மண்ணில் கலந்த நச்சுகளை அளவிடும் சோதனை உயிராக ஆய்வகங்கள் பயன்படுத்துகின்றன; அதற்கென ஐஎஸ்ஓ 11267 என்னும் பன்னாட்டுத் தரமுறையே இருக்கிறது. அதே உயிரைத்தான் வளர்ப்போர் பெட்டியின் துப்புரவாளராக விலைக்கு வாங்குகிறார்கள். ஒரு மூடிபோட்ட சிறு சீசாவில் நீங்கள் பயன்படுத்தப்போகும் கலவையை இரண்டு அங்குல உயரத்திற்கு ஈரமாக நிரப்பி, முப்பது நாற்பது ஸ்பிரிங்டெயில்களை விட்டு, சில ஈஸ்ட் துகள்களை உணவாக இட்டு, வேறொரு சீசாவில் நம்பகமான பழைய படுகையை ஒப்பீட்டுக்காக வைத்து, மூன்று நான்கு வாரம் காத்திருங்கள். முடிவில் சீசாவில் நீர் ஊற்றினால் அவை மேலே மிதந்து வரும். இரண்டிலும் பெருகியிருந்தால் நன்று. புதிய கலவையில் மட்டும் மாய்ந்திருந்தால் அதைக் கொட்டிவிடுங்கள். ஓர் உயிருக்கு ஒத்துக்கொண்டது எல்லா உயிருக்கும் ஒத்துக்கொள்ளும் என்பதற்கு உறுதி இல்லைதான். ஆனாலும் விலைமதிப்பற்ற உங்கள் பிராணியை முதல் சோதனை உயிராக்குவதைவிட இது பல மடங்கு நல்லது.

ஆழமும் ஈரமும்

மரவட்டைகள் மண்ணுக்குள் அறை அமைத்து அதனுள் தோலுரிப்பவை என்பதால், குறைந்தது அவற்றின் உடல் நீளம் அளவுக்குப் படுகை ஆழமாக இருக்க வேண்டும். நிலத் துறவி நண்டுகளும் புதைந்தே தோலுரிக்கும். மணல் ஐந்து பங்கும் கோகோபீட் ஒரு பங்கும் கலந்து, கையால் பிடித்தால் உருவம் நிற்கும் அளவுக்கு நனைத்து, குறைந்தது 15 சென்டிமீட்டரும் பெரிய நண்டாயின் அதன் உயரத்தைப்போல் மூன்று மடங்கும் ஆழம் கொடுங்கள். வாரக்கணக்கில் அவை வெளியே வராவிட்டாலும் தோண்டிப் பார்க்காதீர்கள். தரைவாழ் டரன்டுலாவின் பெட்டியில் ஆழத்திற்கு இன்னொரு பயனும் உண்டு. அது சுவரில் ஏறிக் கீழே விழுந்தால் மென்மையான வயிறு வெடித்து இறந்துவிடக்கூடும். ஆகவே படுகையின் மேற்பரப்புக்கும் மூடிக்கும் இடையிலுள்ள உயரம், கால்களை விரித்த சிலந்தியின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டாமல் படுகையை உயர்த்தி நிரப்ப வேண்டும்.

ஈரத்தை அளக்க ஒரு கைப்பிடிப் படுகையை எடுத்து இறுகப் பிழிந்து பாருங்கள். உருண்டையாக நின்று ஒன்றிரண்டு துளி மட்டும் கசிந்தால் மரவட்டைக்கும் ஐசோபாட்டின் ஈரப்பகுதிக்கும் சரியான பதம். நீர் ஒழுகினால் மிகுதி. டரன்டுலாவின் இரண்டு இணைப் புத்தக நுரையீரல்களும் வயிற்றின் அடிப்புறத்தில் இருப்பதால், சேறான படுகை அதற்கு மூச்சுமுட்டும் இடமாகிவிடும். பெரும்பாலான தரைவாழ் இனங்களுக்கு மேற்பரப்பு உலர்ந்தும் அடிப்பகுதி மட்டும் சற்று ஈரமாகவும் இருப்பது நல்லது. அதற்காகப் பெட்டியின் ஒரு மூலையில் நீரை மெதுவாக ஊற்றி அடிக்கு இறங்கவிட வேண்டும். மேலே தெளித்துக்கொண்டிருப்பதில் பயன் இல்லை. பெட்டி முழுவதையும் ஒரே ஈரத்தில் வைக்காமல் ஒரு பக்கத்தை உலரவிட்டால், எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பிராணியே தேர்ந்துகொள்ளும். குழாய்நீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் திறந்து வைத்துப் பயன்படுத்தலாம். குளோரமைன் கலந்த நீருக்கு இது உதவாது, அதற்குரிய நீர்ச்சீராக்கியைச் சேர்க்க வேண்டும். நத்தையின் படுகைக்கு ஊற்றும் நீரில் செம்பு கலந்த மருந்துகளின் சுவடுகூட இருக்கக்கூடாது. மீன்தொட்டிக்கு மருந்திட்ட நீரை அங்கே கொண்டுவந்து ஊற்றாதீர்கள்.

முதல் வாரங்களும், பழைய படுகையும்

புதிய படுகையில் இரண்டாம் வாரத்தில் வெள்ளைப் பூஞ்சணம் படர்வதைக் கண்டு பலர் எல்லாவற்றையும் வெளியே கொட்டிவிடுகிறார்கள். சூடாக்கிய பொருளில் போட்டியிடும் நுண்ணுயிர்கள் மடிந்துவிட்டதால் முதலில் வந்த பூஞ்சணம் தடையின்றிப் பரவுகிறது, அவ்வளவே. ஸ்பிரிங்டெயில்களை விட்டு, காற்றோட்டத்தைச் சற்றுக் கூட்டினால் பெரும்பாலும் அது தானே அடங்கிவிடும். கோகோபீட்டில் சில நேரம் முளைக்கும் மஞ்சள் நிறக் காளான் பிராணிக்குத் தொல்லை தருவதில்லை. அதைக் கிள்ளி எறிந்தால் போதும். அழுகிய முட்டை வாடை வீசினால் மட்டும் பொறுத்திருக்காதீர்கள்: அடியில் நீர் தேங்கிக் காற்று இல்லாமல் போயிருக்கிறது, படுகையை அன்றே மாற்ற வேண்டும். பிராணி படுகைக்குள் இறங்காமல் சுவரிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால், உலர்ந்த வெறும் தாள் விரித்த பெட்டிக்கு அதை மாற்றிவிட்டு, பொருளை முதலிலிருந்து சோதியுங்கள்.

மரவட்டையின் படுகையை ஒரேயடியாக மாற்றக்கூடாது. அதில் பெரும்பகுதி சிறு சிறு உருண்டைகளான எச்சமாக மாறியதும் பாதியை மட்டும் அகற்றி, புதிய கலவையைப் பழையதோடு சேர்த்துவிட வேண்டும்; அகற்றும் பாதியில் முட்டைகளோ தோலுரிக்கும் குஞ்சுகளோ இருக்கின்றனவா என்று விரலால் கோதிப் பாருங்கள். அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த டரன்டுலாக்களில் பல, வயிற்றிலுள்ள அரிப்பு மயிர்களை உதறும் பழக்கமுடையவை. அந்த மயிர்கள் பழைய படுகையில் நிறையப் படிந்திருக்கும் என்பதால், முகக்கவசம், கண்ணாடி, கையுறை ஆகியவற்றோடு படுகையை முதலில் நனைத்துவிட்டே அள்ளுங்கள். அகற்றிய படுகை எதுவானாலும் தோட்டத்திலோ சாலையோரத்திலோ கொட்டக்கூடாது. குச்சிப்பூச்சியின் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து பொரிக்கும். நத்தை முட்டை மண்ணுக்குள் கலந்து கண்ணுக்கே தப்பிவிடும். அயல்நாட்டு உயிர் ஒன்று அந்த வழியாக வெளியே பரவாமலிருக்க, அள்ளிய படுகையைக் கட்டிய பையோடு உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்தோ, முன்பு சொன்னபடி 80 டிகிரிக்குச் சூடாக்கியோ, அதன்பிறகே குப்பையில் சேருங்கள்.